சந்தனம் அப்பிய கீபோர்டு

அத்தியாயம் பதினொன்று

"அடக் கருமமே!"

மலர்விழி வாய்விட்டே கத்திவிட்டாள். ஆயுத பூசை நோம்பியும் அதுவுமாக, காலங்காத்தால, சாமி ரூம் வாசலில் நின்று ஒரு மருமகள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இல்லைதான். ஆனால் அவள் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் அதைவிடப் பெரிதாகவே எதையாவது சொல்லியிருப்பீர்கள்.

சாமி படங்களுக்கு முன்னால் மணைப்பலகை போட்டு, அதன்மேல் ரிக் வண்டிச் சாவிகள், ஸ்பேனர் செட்டு, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அதில் தப்பில்லை, வருசா வருசம் நடப்பதுதான்.

நடுவில் அவளுடைய புதுக் கீபோர்டு கிடந்தது.

ஒவ்வொரு பட்டனுக்கும் கட்டை விரலால் தனித்தனியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஒன்றுகூட விடவில்லை. நீளமாக இருக்கிற கீழ்ப் பட்டனுக்கு மட்டும் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை. போதாதென்று தீர்த்தம் தெளித்து, பொரியும் நாட்டுச் சர்க்கரையும் தூவி, ஓரத்தில் உரித்த வாழைப்பழம் வேறு. பழம் கசிந்து, சந்தனம் கரைந்து, எல்லாம் சேறாகப் பட்டன் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சிற்றெறும்புகள் வந்தாயிற்று.

"ஏஞ்சாமி, என்னாச்சு?" என்று மாமியார் ராமாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் பெருமை. "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வெச்சிருக்கறன் பாரு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே உட்டுப்போச்சு."

"அத்தை, இதுல தண்ணி படக் கூடாதுங்க!"

"வண்டிக்கு வெக்கறோம், போர் போடற மிசினுக்கு வெக்கறோம். அதெல்லாம் ஓடாமயா போச்சு? எல்லாருத்து ஆயுதமும் இருக்குது, உன்றது மட்டும் இல்லீன்னா நல்லாவா இருக்கும்?"

என்ன சொல்லித் திட்டுவது? ஆசையாகச் செய்திருக்கிறாள் கிழவி. மலர்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்றாவியை இரண்டு விரலால் தூக்கினாள். ஒரு பொட்டு வழிந்து அவள் முழங்கையில் இறங்கியது.

விடாமல் படித்துவருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வார்த்தை.

வெண்ணந்தூரில் பிறந்து, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள் மலர்விழி. புருசன் சந்திரசேகர். அவனுடைய வண்டிகள் வடக்கே, பாஷை தெரியாத ஊர்களில் எல்லாம் போர் போட்டுக்கொண்டிருக்கும், ஆயுத பூசைக்குத்தான் ஊர் திரும்பும். மலர்விழி சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில், போனில், வலது கைக் கட்டை விரல் ஒன்றாலேயே ஒரு நாவல் எழுதினாள். பேர், 'புழுதிக் கிணறு'. வருசக்கணக்காக வடக்கே போய்க் கிடக்கும் ஒரு ரிக் டிரைவரின் பெண்டாட்டி பாவாயியின் கதை. எழுதி எழுதிக் கட்டை விரல் வீங்கி, தோசைக் கரண்டி பிடிக்க முடியாமல் போனது. "இனிப் போன்ல எழுதுனா விரலு உங்களுது இல்லைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயம் பாக்கி நின்றது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. "சேலம் போலாம் வா. உனக்கு நல்ல கீபோர்டா ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றான் சந்திரசேகர்.

நம்ப முடிகிறதா? அவள் எழுதுகிறாள் என்பதையே கண்டுகொள்ளாத மனுசன். காரில் போகும்போது மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையில் நின்றிருந்த பெண் முதலில் எடுத்துப் போட்டதெல்லாம் கலர் கலராக லைட் எரிகிற வகை. தட்டினால் டக்கு டக்கென்று சத்தம். அடுத்தது தகடு மாதிரி மெலிசு, விரல் அழுந்தவே இல்லை. இன்னொன்றில் பட்டன்கள் நெருக்கிக் கிடந்தன. மலர்விழி ஒவ்வொன்றிலும் தன் கதையின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். ராசிபுரத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய கை அது. கல்யாணத்துக்கு அப்புறம் மறந்து கிடந்தது, மெதுவாக ஞாபகம் வந்தது.

கடைசியில் அந்தப் பெண் ஒயர் இல்லாத ஒன்றை எடுத்து வைத்தாள். நடுவில் லேசாக மேடு கட்டி, இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. மணிக்கட்டு வைக்கக் கீழே மெத்தை. கையை வைத்ததும் தோள்பட்டையே இறங்கியது மலர்விழிக்கு. கட்டை விரல் வலிக்கவில்லை. சத்தமும் இல்லை.

"இந்தக் கூனலா? நல்லதா ஒண்ணு எடு புள்ள" என்றான் சந்திரசேகர்.

"இதுதானுங்க வேணும்."

"சரி, உன் இஷ்டம். சீக்கிரம் எழுதி முடிச்சாச் சரி."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

நேற்று நோம்பிக்கு நங்கையா வந்து இறங்கினாள். புருசனின் அக்காவை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. பேர் அறிவுச்செல்வி. சேலத்தில் ஒரு காலேஜில் தமிழ் புரொபசர். வந்த உடனே கீபோர்டைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்குதே மலரு! மூணு மிசின்ல மாத்தி மாத்தி அடிக்கலாமாமே?" என்று கேட்டு, தன் லேப்டாப்பையும் அதில் சேர்த்துக்கொண்டாள். மேல் வரிசையில் 1, 2, 3 என்று மூன்று பட்டன். ஒன்றைத் தட்டினால் மலர்விழியின் போன். இரண்டைத் தட்டினால் அறிவுச்செல்வியின் லேப்டாப். மூன்று சும்மா கிடந்தது. எண்ணெய்க் கையோடு அரை மணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

இதுதான் கதை. இனி அந்தச் சந்தனச் சேற்றுக்கு வருவோம்.

மலர்விழி பெட்ரூம் கட்டிலில் பழைய வேட்டித் துண்டை விரித்து, காது குடையும் பஞ்சுக் குச்சிகளோடு உட்கார்ந்தாள். முதலில் அணைத்துவிடலாம் என்று அடிப்பக்கம் திருப்பினால், சுவிட்சின் மேலேயே ஒரு பொட்டு. நகராமல் ஒட்டிக்கொண்டது.

"அதுக்குமா வெக்கோணும்? கடவுளே!"

துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க நாசமாகத்தான் போனது. குங்குமம் கரைந்து பட்டன் இடுக்கெல்லாம் சிவப்பாக ஓடியது. பஞ்சுக் குச்சியை விட்டுக் கிளறினால் சந்தனத்துக்கு அடியிலிருந்து வேறு சமாச்சாரங்கள் வந்தன. மிக்சர்த் தூள், ஒரு கடலைப் பருப்புத் தோல். இது புருசன் வேலை, அவன்தான் முந்தாநாள் மிக்சர் தின்றுகொண்டே கிரிக்கெட் ஸ்கோர் தேடினான். அப்புறம் ஒரு நீளமான முடி, அதில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. இது நங்கையாளுடையது. வாங்கி முழுசாய் ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் குடும்பமே அதில் குடியிருந்துவிட்டது.

மலர்விழி அந்த முடியைச் சுருட்டித் தரையில் எறிந்தாள். என் கை மட்டும் படுகிற பொருள் என்று ஒன்றே ஒன்று இந்த ஊட்டில் இருக்கக் கூடாதா?

ஆத்திரத்தில் துணியைச் சுருட்டி அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் மேல் வரிசையில் இருந்த 2 அழுந்தியதை அவள் கவனிக்கவில்லை.

ஹாலிலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ! அம்மா! என்ற லேப்டாப்புல பேய் புகுந்துக்கிச்சு! அதும்பாட்டுக்கு எழுதுது!"

அறிவுச்செல்வியின் குரல்தான். பின்னாலேயே ராமாயியின் குரல்: "திருநீறு கொண்டாரேன் இரு, கையை எடு அதுமேல இருந்து!"

மலர்விழிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்புக்கூட வந்தது. கீபோர்டைத் துணியோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பேயில்லீங்க நங்கையா, நாந்தான்! துடைக்கறப்ப ரெண்டாம் நம்பரு அழுந்திப்போச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு ஓடினாள்.

அறிவுச்செல்வி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் டீப்பாய் மேல் விரிந்து கிடந்தது. மலர்விழியைக் கண்டதும் அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. அவசர அவசரமாக லேப்டாப்பை மூடப் போனாள்.

பேயைப் பார்த்துப் பயந்தவள் ஆளைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்?

மலர்விழி குனிந்து பார்த்தாள். திரையில் பெரிய எழுத்தில் இருந்தது.

புழுதிக் கிணறு
நாவல்
முனைவர் அறிவுச்செல்விக்க்க்க்க்க்க்க்க்க்க்க்க்

மலர்விழி ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கக்கத்திலிருந்து சந்தனத் தண்ணி புடவையில் இறங்கியது.

"நங்கையா, இது என்ற கதையாச்சுங்களே."

"உக்காரு மலரு. பதட்டப்படாத. சொல்றேன்."

"மூடாதீங்க. கையை எடுங்க."

அந்தக் குரலில் மலர்விழி இந்த வீட்டில் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அறிவுச்செல்வி கையை எடுத்துவிட்டாள்.

மலர்விழி கீபோர்டை டீப்பாய் மேல் வைத்து, கீழே இறங்கும் அம்புக்குறியைத் தட்டினாள். இரண்டாம் பக்கம் வந்தது. 'நன்றி' என்று தலைப்பு. கல்லூரி முதல்வருக்கு நன்றி, துறை நண்பர்களுக்கு நன்றி, ஊக்கம் தந்த தம்பிக்கு நன்றி. கடைசி வரி: 'தட்டச்சு உதவி: என் தம்பி மனைவி மலர்விழி.'

தட்டச்சு உதவி! த்தூ!

மூன்றாம் பக்கத்தில் அவளுடைய முதல் வரி இருந்தது. 'பாவாயி அன்றைக்கும் வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் படுத்தாள்.' கடையில் அத்தனை கீபோர்டிலும் அடித்துப் பார்த்தாளே, அதே வரி. ஒரு எழுத்தை மாற்றவில்லை. மாற்றக்கூடச் சோம்பல் பட்டிருக்கிறாள் மகராசி.

"உங்களுக்கு இது எப்படிக் கெடைச்சுது?"

அறிவுச்செல்வி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாசல் பக்கம் பார்த்தாள். சந்திரசேகர் இரண்டு கையிலும் திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

"என்ன எல்லாரும் இங்க நிக்கறீங்க? வண்டிக்காரங்க எல்லாம் யார்டுல காத்துக்கிட்டு இருக்கறாங்க. பூசை போட வேண்டாமா?"

"ஏனுங்க, பிரிண்ட் போட்டுத் தாங்கன்னு உங்க போனுக்கு என்ற கதையை அனுப்புனனே, அது என்னாச்சுங்க?"

சந்திரசேகர் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். பூசணிக்காயைக் கீழே வைத்தான்.

"சொல்லீட்டியா அக்கா?"

அவ்வளவுதான். அந்த ஒரே கேள்வியில் மலர்விழிக்கு எல்லாம் தெரிந்துபோனது. இவ்வளவு நேரம் பட்ட அருவருப்பெல்லாம் அருவருப்பே இல்லை, இதுதான் அருவருப்பு.

"அக்காளுக்குத் துறைத் தலைவி ஆகோணும். பேருல ஒரு பொஸ்தகம் இருந்தா நல்லதாம்" என்றான் சந்திரசேகர், லோடு ஏற்றி இறக்கின கதையைச் சொல்கிற குரலில். "உன்றது சும்மாதான் போன்ல கெடந்துச்சு. ஊட்டுப் பொருளு ஊட்டுக்குள்ளயே இருக்குது, இதுக்குப் போயி..."

"சும்மா கெடந்துச்சா?"

"பின்ன? உம்பேருல போட்டா எவன் படிப்பான்? அதுவுமில்லாம அக்கா படிச்சுப்போட்டுச் சொன்னுச்சு, ரிக் வண்டிக்காரன் பொண்டாட்டி புருசனுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கறான்னு எழுதியிருக்கறயாமா. சொந்தம் ஒறம்பரைல நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிக்கறதுக்கா? புரொபசர் எழுதுனா அது கதை. நீ எழுதுனா அது நம்ம ஊட்டுச் சங்கதியாயிரும்."

"அக்கா சொன்னாங்க. நீங்க படிச்சீங்களா?"

"எனக்கெங்க நேரம்?"

"ஒரு வரி?"

சந்திரசேகர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையில் சுண்ணாம்பும் குங்குமமும் இருந்தன. முகமெல்லாம் சிவந்துபோனது.

"ஒரு வரிகூடப் படிக்காமயே தூக்கிக் குடுத்துட்டீங்க. படிச்சுப்போட்டுக் குடுத்திருந்தாலாச்சும் ஒரு மரியாதை. சீ!"

"ஏய், நாக்கை அடக்கிப் பேசு."

அறிவுச்செல்வி எழுந்து வந்து மலர்விழியின் தோளில் கை வைத்தாள். வகுப்பில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிற குரல்.

"மலரு, உன்னைய யாரும் ஏமாத்தலை. உன்ற பேரும்தான் பொஸ்தகத்துல இருக்குது. உனக்கு விரல் வலின்னு தெரிஞ்சப்ப நான் எவ்வளவு வெசனப்பட்டேன் தெரியுமா? கடைசி அத்தியாயம் நின்னு போயிரக் கூடாதுன்னு நாந்தான் தம்பிகிட்டச் சொல்லி, நல்ல கீபோர்டா வாங்கிக் குடுரான்னேன். விலையப் பாக்காதடா, அவ கைக்கு எது சொகமோ அதை வாங்குடான்னேன்."

மலர்விழி அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து அக்கட்டால தள்ளிவிட்டாள்.

சேலத்துக்குப் போன கார். ஜன்னல் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்ட கண்ணு. கையை வைத்ததும் இறங்கிய தோள்பட்டை. எல்லாம் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு இந்தப் புருசனைப்போல உண்டா என்று உருகியிருக்கிறாள். அதை நினைக்கத்தான் அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ராமாயி திருநீற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். பேய் இல்லை என்பது மட்டும்தான் அவளுக்கு இதுவரை புரிந்திருந்தது.

"ஏங்கண்ணு, அதை எழுதுனது ஆரு?"

"நாந்தானுங்க அத்தை."

"அப்பறம் இவ பேரு எதுக்கு அதுல?"

"அம்மா, உனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரு" என்று பாய்ந்தான் சந்திரசேகர். கிழவியின் குரல் அப்படியே உள்ளே போனது. "இல்ல, கேட்டேன்... நோம்பி நாளும் அதுவுமா அழுதா ஊட்டுக்கு ஆகாது சாமி. உட்டுரு. நம்ம அறிவுதானே. அசலூர்க்காரங்களா?"

ஆக, கேட்க இருந்த ஒரு வாயும் மூடிக்கொண்டது.

மலர்விழி அழவில்லை. அழுதிருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும். ஆளுக்கொரு பக்கம் தேற்றி, காபி குடிக்க வைத்து, காரியத்தை முடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். கதைக்குப் பின்னால் மெயிலும் திறந்துதான் கிடந்தது. ஈரோட்டுப் பதிப்பகத்துக்காரர் அருணகிரி எழுதியிருந்தார். 'மேடம், இதுவரை வந்த பக்கங்களைப் படித்துத் தூக்கமே போய்விட்டது. கடைசி அத்தியாயம் வந்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடலாம். இன்றைக்குக் கிடைக்குமா?'

தூக்கம் போய்விட்டதாம். யாரோ ஒரு மனுசன், முன்பின் தெரியாதவர், பாவாயிக்காக முழித்துக் கிடந்திருக்கிறார். இந்த வீட்டில் மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருத்தருக்கும் அந்த அக்கறை வரவில்லை.

"அந்தக் கடைசி அத்தியாயம்..." என்று மெதுவாக இழுத்தாள் அறிவுச்செல்வி. "இன்னிக்கே கேக்கறாங்க மலரு. இது ஒண்ணு மட்டும். அடுத்த பொஸ்தகம் உன்ற பேருலயே போட்டுக்கலாம். நானே முன்னுரை எழுதித் தாரேன்."

"எழுதிக் குடு புள்ள. பெரிய மனசு பண்ணு" என்றான் சந்திரசேகர். குரல் இப்போது இளகியிருந்தது. அவனுக்கு வேண்டியது கிடைக்கிற வரைக்கும் இளகுகிற குரல் அது. மலர்விழிக்கு அதுவும் இன்றைக்குத்தான் கேட்டது.

"சரிங்க" என்றாள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"இப்பவே எழுதி முடிச்சர்றேன். நங்கையா லேப்டாப்லயே. நீங்க போயிப் பூசையைப் பாருங்க. பக்கத்துல ஆளு நின்னா எனக்கு எழுத வராது."

"அதுதான் என்ற தம்பி பொண்டாட்டி!" என்று அறிவுச்செல்வி அவள் கன்னத்தைத் தடவினாள். மலர்விழிக்கு உடம்பு கூசியது. சந்திரசேகர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டான். ராமாயி தட்டோடு பின்னால் போனாள். வீட்டை ஒட்டி வண்டிகள் நிறுத்தும் யார்டில் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

ஹாலில் மலர்விழியும் அந்தக் கீபோர்டும் மட்டும்.

அதைத் தொடவே பிடிக்கவில்லை அவளுக்கு. சந்தனப் பிசுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே அது வந்த விதம். தூக்கிச் சுவரில் அடித்தால் என்ன என்று இருந்தது. அடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் பட்டன்களை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். கை அதன்மேல் போனதும் பாழாய்ப்போன சுகமாகத்தான் இருந்தது. சனியன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் கைக்கென்று அவளே தேடித் தேர்ந்தெடுத்த பொருள் ஆயிற்றே. வாங்கிக் கொடுத்தவன் புத்தி அதற்கு என்ன தெரியும்?

அறிவுச்செல்வி தமிழ் அடிக்கிற முறை வேறு. மலர்விழி அதைத் தன் முறைக்கு மாற்றிக்கொண்டாள். அருணகிரியின் மெயிலுக்குக் கீழே பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள். அப்புறம் விரல்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன.

'ஐயா, வணக்கம். இந்த மெயில் முனைவர் அறிவுச்செல்வியுடையது. எழுதுவது அவர் அல்ல, அவருடைய தம்பி மனைவி மலர்விழி. புழுதிக் கிணறு நாவலை முதல் வரியிலிருந்து எழுதியவள் நான். எனக்குத் தெரியாமல் அது உங்களுக்கு வந்திருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். புரொபசரை நம்புவதா, போனில் கதை எழுதிய ஒரு வீட்டுக்காரியை நம்புவதா என்றும் தோன்றலாம். ஒன்று செய்யுங்கள். இப்போதே அவருக்குப் போன் பண்ணி, கதை எப்படி முடிகிறது என்று கேளுங்கள். எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த முடிவை நான் இன்னும் எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.'

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். கீழே தன் பேரையும் போன் நம்பரையும் அடித்தாள். அனுப்பிவிட்டாள்.

வெளியே யார்டில் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. "மிதிங்கடா எலுமிச்சம்பழத்தை! வண்டி முன்னால எடு!" என்று சந்திரசேகர் கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மலர்விழி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வந்து சோபாவில், அறிவுச்செல்வி உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது அறிவுச்செல்விதான். நெற்றி நிறையக் குங்குமம், வாயில் சுண்டல். "முடிச்சிட்டியா மலரு?"

"முடிச்சாச்சுங்க."

பின்னாலேயே சந்திரசேகரும் ராமாயியும் வந்தார்கள். சந்திரசேகரின் கையெல்லாம் பூசணிக்காய்ச் சதையும் விதையும் ஒட்டிக்கொண்டிருந்தன. கழுவக்கூட இல்லை.

சோபா மேல் கிடந்த அறிவுச்செல்வியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. "அருணகிரி! பாத்தியாடா தம்பி, கடைசி அத்தியாயம் அதுக்குள்ள போயிச் சேந்துருச்சாட்ட இருக்குது."

"பேசுங்க நங்கையா" என்றாள் மலர்விழி. "ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கலாம்."

பெருமையில் போட்டுவிட்டாள்.

"வணக்கம் மேடம். நல்ல நாள்ல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க." அருணகிரியின் குரல் நிதானமாக இருந்தது. "ஒரு மெயில் வந்துச்சு. அதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அத்தனை வருசம் கழிச்சு அந்தப் புருசன் வடக்க இருந்து வந்து வாசல்ல நிக்கறான். அதோட நிறுத்தி அனுப்பியிருக்கீங்க. பாவாயி கதவைத் தொறக்கறாளா, இல்லையா?"

அறிவுச்செல்வி வாயிலிருந்த சுண்டலை மெல்லவில்லை, முழுங்கவும் இல்லை. "அது... அதுங்க..." என்றாள். கண் லேப்டாப்புக்கு ஓடியது. கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"மேடம்? நீங்க எழுதுனதுதானே? தொறக்கறாளா?"

ராமாயி மகனைப் பார்த்தாள். அறிவுச்செல்வி தம்பியைப் பார்த்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கேளுடா அவகிட்ட" என்று பல்லைக் கடித்தாள்.

சந்திரசேகர் மலர்விழியின் பக்கம் குனிந்தான். பூசணிக்காய் வாடை முகத்தில் அடித்தது. அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்து, காதோடு கேட்டான்.

"சீக்கிரம் சொல்லு மலரு. கதவைத் தொறக்கறாளா, இல்லியா?"

அவள் கதையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

மலர்விழி அவன் கையை உதறிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.